பிசிறில்லாத பென்சில் கோடு

பதினோரு வருஷமாக ஊசி உட்கார்ந்து வந்த முன் சீட்டில் அன்றைக்கு வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப், காதில் வயர், வாயில் சூயிங்கம். வேலைக்குச் சேர்ந்து முழுசாக மூன்று வாரம் ஆகவில்லை. அதற்குள் மேடம் அவளைத் "தங்கம்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பதினோரு வருஷத்தில் ஊசிக்கு அவர் கொடுத்த ஒரே செல்லப்பெயர் "டேய்".

பின் சீட்டில் பழைய ஃபைல்களுக்கும் ஒரு குடைக்கும் நடுவில் முட்டியை மடக்கிக்கொண்டு கிடந்த ஊசிக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். வயிறு நம்பவில்லை.

வண்டியை ஓட்டியது மேடம்தான். எரிந்த கடை தானாக எரிந்ததா, செத்த மாடு எப்போது செத்தது என்று இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். ஊசி அவருடைய முதல் உதவியாளன். வாயைத் திறந்தால் யாருக்காவது குத்தும் என்பதால் அந்தப் பெயர்.

"கேஸ் இதுதான்" என்றார் மேடம். "ஒரு கோழிப்பண்ணை. பறவைக் காய்ச்சல்ல கோழி கொத்துக்கொத்தா செத்துப் போச்சு."

"கோழிக்குச் சளி பிடிச்சா நமக்கென்ன மேடம்? ஈரத்தலையோட அலைஞ்சிருக்கும்."

புதியவள் திரும்பிப் பார்த்தாள். "பறவைக்கு வர்ற வைரஸ் சாதாரணமா மனுஷ உடம்புல ஒட்டாதுண்ணா. ஆனா எப்பவாவது ஒட்டற மாதிரி மாறிடும். மாறி, மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்குத் தாவ ஆரம்பிச்சா பெரிய வம்பு."

"அதேதான் தங்கம்" என்றார் மேடம்.

ஊசி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மேடம் மிச்சத்தைச் சொன்னார். பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவர் தொண்டையில் எடுத்த சளி முழுவதையும், ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சின்ன டாக்டர் மூன்று கோழிமுட்டைக்குள் ஊசி போட்டு ஏற்றினாள்.

"என் பேரை ஏன் மேடம் இழுக்கறீங்க?"

"வாயை மூடிக்கிட்டு கேளுடா. மெஷின்ல போட்டா வைரஸ் இருக்குன்னு மட்டும்தான் தெரியும். கோழித்தூசியை இழுத்தவன் தொண்டையில செத்த வைரஸ்கூட ஒட்டிக்கிட்டு இருக்கும். அது உயிரோட இருக்கா, வளருதான்னு முட்டைதான் சொல்லணும். புதன்கிழமை காலையில முதல் முட்டையைத் திறந்தாங்க. உயிரோட இருந்துச்சு. மீதி ரெண்டையும் சுகாதாரத் துறை அதிகாரி முன்னாடி திறக்கணும்னு விதி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை காலையில அவர் வந்தார், திறந்தாங்க. சுத்தமா ஒண்ணுமில்ல."

"ஒரே சளி, ஒரே நாள். ஒண்ணுல இருக்கு, ரெண்டுல இல்லையா?" என்று ஊசி கேட்டான்.

"அதான் அதிகாரியும் கேட்டார். சின்ன டாக்டர் பேர் வாங்கறதுக்காக முதல் முட்டையில எதையோ கலந்துட்டாங்கன்னு சொல்லிட்டார்."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்றான் ஊசி, முன் சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே. "புதுசா வர்றவங்க பேர் வாங்க என்ன வேணா செய்வாங்க."

கண்ணாடியில் மேடத்தின் கண்கள் ஒரு கணம் அவன் மேல் நின்று சாலைக்குத் திரும்பின.

"நோயாளிகிட்ட மறுபடி எடுக்க முடியாதா மேடம்?" என்று புதியவள் கேட்டாள்.

"குணமாயிடுச்சு. இப்ப தொண்டையில ஒண்ணும் கிடைக்காது. ரத்தத்துல தெரிய மூணு வாரம் ஆகும். நமக்கு மூணு வாரமெல்லாம் இல்ல. பண்ணையில வேலை பார்த்த மீதி முப்பத்தொரு பேரை ஒரு ஹாஸ்டல்ல பூட்டி வச்சிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்து விடப் போறாங்க. முப்பத்தொரு பேரும் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவாங்க. அந்தச் சின்னப் பொண்ணு சொன்னது நிஜமா இருந்தா அப்புறம் யாராலயும் துரத்திப் பிடிக்க முடியாது."

வண்டிக் கடிகாரம் ஒன்றரை காட்டியது.

ஹாஸ்டல் வாசலில் மேடம் புதியவளை இறக்கிவிட்டார். குணமானவரையும் அங்கேதான் தனி அறையில் வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பேசி ஆதியோடந்தமாக விசாரித்து வரச் சொன்னார். ஊசி சிட்டாகப் பறந்து முன் சீட்டுக்கு மாறினான். சீட்டு இன்னும் சூடாக இருந்தது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆராய்ச்சிக்கூடம் இரண்டு மாடி. உள்ளே நுழைந்ததும் ப்ளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது. மேடத்தை வரவழைத்த பெரிய டாக்டர் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தின் தலைவி, ஐம்பத்தைந்து வயது, நிதானமான குரல். பின்னாலேயே சின்ன டாக்டர். முப்பதைத் தொடாத பெண். அழுது அழுது இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

வைரஸைக் கையாளும் அறைக்குள் வெளியாள் போக முடியாது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தட்டில் வரிசையாக முட்டைகள். முன்வரிசையில் தலை சீவிய மூன்று ஓடுகள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலில் ஒரு நம்பரும், மொண்ணைப் பக்கத்தைச் சுற்றி ஒரு கோடும் இருந்தன.

"அந்தக் கோடு என்ன?" என்று மேடம் கேட்டார்.

"முட்டையோட மொண்ணைப் பக்கம் ஒரு காத்துப் பை இருக்கும். இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியும். அது முடியற இடத்துல கோடு போட்டுக்குவோம். கோட்டைப் பார்த்துதான் ஊசி போடணும்" என்றாள் சின்ன டாக்டர். "பேனா ஆகாது. மை ஓட்டுக்குள்ள இறங்கிடும்."

"கோட்டைப் பார்த்தா ரோடு போட்ட கான்ட்ராக்டர் ஞாபகம் வருது" என்றான் ஊசி. "இவ்வளவு கோணலா போட தனியா படிக்கணுமா?"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப் போனது. பெரிய டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். ஊசிக்கு அதைப் பார்த்ததும் ஏனோ இன்னும் கடுப்பாக இருந்தது.

மேடம் மட்டும் அந்த மூன்று ஓடுகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இந்த முட்டையெல்லாம் இங்க எப்படி வருது?" என்றார்.

"கீழ முட்டை அண்ணன் இருக்கார். பத்தொன்பது வருஷமா எங்க முட்டைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு" என்றார் பெரிய டாக்டர். "அந்த ரெண்டு முட்டையும் இருந்த ஃபிரிட்ஜ் சாவி அவர்கிட்டயும் உண்டு. ஆனா அவர் மேல சந்தேகப்படறது என் மேலயே சந்தேகப்படற மாதிரி."

"சந்தேகமெல்லாம் இல்ல. டேய், நீ போய் அவர்கூட உட்கார்ந்து பேசிட்டு வா. எதையும் கண்டுபிடிக்க வேணாம். சும்மா பேசு."

சும்மா பேசு என்று சொன்னால் ஊசிக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

கீழே முட்டை அறை கதகதப்பாக இருந்தது. நல்ல முட்டைகள் பெட்டி பெட்டியாகச் சூட்டில் இருந்தன. முட்டை அண்ணன் வாசலிலேயே ஒரு முகமூடியை நீட்டினார். "இது இல்லாம இங்க யாரும் பேசக் கூடாது தம்பி. என் முட்டைக்கு ஆகாது." அவரும் முகமூடிதான். மேலே தெரிந்த வலது கண் செக்கச்செவேலென்று நீர் கோத்திருந்தது. அடிக்கடி கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

"என்ன அண்ணே, கண்ணு இப்படி?"

"பத்தொம்பது வருஷம் உழைச்ச இடத்துக்கு இப்படி ஒரு கெட்ட பேர் வந்துடுச்சே. அழுகையை அடக்க முடியல."

ஊசிக்கு அவரை உடனே பிடித்துப்போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம். நேத்துப் பெஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான்" என்றார் முட்டை அண்ணன். "வந்த முதல் வாரமே, என் முட்டைக்கு நானே கோடு போட்டுக்கறேன்னு சொல்லிடுச்சு. என்கிட்ட. முன்னெல்லாம் பெரிய டாக்டரம்மா காலையில வந்ததும் முதல்ல இந்த ரூமுக்குத்தான் வருவாங்க. அண்ணே, இன்னிக்கு முட்டை எப்படின்னு கேட்டுட்டுத்தான் மாடி ஏறுவாங்க. இப்ப நேரா கண்ணாடி ரூம். நான் இங்க இருக்கேனா செத்தேனான்னுகூட எட்டிப் பார்க்கறதில்ல."

"எங்க மேடமும் அப்படித்தான் அண்ணே. மூணு வாரத்துல தங்கமாம். நானெல்லாம் தகரம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். கூடப் பிறந்தவனைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது ஊசிக்கு.

அப்போது பார்த்து போன் அடித்தது. புதியவள். "அண்ணா, மேடம் போன் கிடைக்கல, சிக்னல் இல்ல போலிருக்கு. குணமானவர்கிட்ட பேசினேன். ஆஸ்பத்திரிக் காகிதத்துல எழுதாத ஒரு விஷயம் சொல்றார், ரொம்ப முக்கியம்னு தோணுது. அவருக்கு முதல்ல வந்தது..."

"தங்கச்சி, நான் ஒரு பெரிய விசாரணையில இருக்கேன். அப்புறம் பேசலாம்."

"ஒரு நிமிஷம்தாண்ணா, மேடத்துக்கிட்ட சொல்லணும்..."

ஊசி போனை வைத்தான். வைத்ததில் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. மறுபடி கூப்பிடுவாள் என்று சத்தத்தையும் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். மேடத்திடம் தானே போய் எதையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் எண்ணம்.

"வேலை கெடாம பேசுவோம்" என்று முட்டை அண்ணன் விளக்கை அணைத்தார். ஒரு முட்டையை எடுத்து டார்ச் முனையில் வைத்தார். இருட்டில் முட்டை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே மெல்லிய ரத்த நரம்புகள் தெரிந்தன. இடது கையால் முட்டையை ஒரு சுற்றுச் சுற்றினார், வலது கையில் பென்சில் அசையாமல் நின்றது. விளக்கைப் போட்டுவிட்டு முட்டையை ஊசியிடம் நீட்டினார். ஆரம்பம் எது முடிவு எது என்று தெரியாத ஒரே வட்டம்.

"காம்பஸ் வச்சாகூட இப்படி வராது அண்ணே."

"ஒரு நாளைக்கு எண்பது முட்டை. இதுவரைக்கும் ஒரு கோடு பிசிறினதில்ல. கை தப்பா போடாது."

ஊசி சிரித்தான். சிரித்த வாய் பாதியில் நின்றது. மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த தட்டு கண் முன்னால் வந்தது. மற்ற எல்லா முட்டையிலும் கோணல் கோடு. முதல் ஓட்டில் கோணல் கோடு. இரண்டாவது ஓட்டிலும் மூன்றாவது ஓட்டிலும் இதோ இந்த வட்டம்.

ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். மாடிப்படியில் பாதியில் நின்றான். மேலே போய்ச் சொன்னால் இந்த மனுஷர் பத்தொன்பது வருஷமும் பாழ். சொல்லாவிட்டால் ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு குற்றவாளியைப் பிடித்துக்கொடுக்க அவன் இப்படித் தயங்கியதே இல்லை. தன்னையே பிடித்துக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

மேடம் படியின் மேலே நின்றுகொண்டிருந்தார். "கோடு போட்டுக் காட்டினாரா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு ஓட்டைப் பார்த்ததுமே தெரியும். ஆனா கோடு மட்டும் பத்தாது, அவர் வாயால வரணும். உன்னாலதான் முடியும்னு அனுப்பினேன்."

"ஏன் என்னால?"

"மூணு வாரமா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் மேடம்.

மணி நாலடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

திரும்பிப் போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். கதவுக்கு வெளியே மேடமும் இரண்டு டாக்டர்களும் நின்றிருந்தது முட்டை அண்ணனுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்றேன். மனசுல வச்சுக்கோங்க. போன வாரம் எங்க ஆபீஸ்ல அந்தப் பொண்ணு ராப்பகலா உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணுச்சு. நான் அதுல ஒரு பக்கத்தை உருவி ஒளிச்சு வச்சேன். மேடம் அவளைத் திட்டணும்னு. கேஸ் தோத்தாலும் பரவாயில்லன்னு."

"திட்டினாங்களா?"

"இல்ல. அவ உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி எழுதிட்டா. எனக்கு இன்னும் எரிஞ்சுது."

முட்டை அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவ கோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று ஊசி மெதுவாகக் கேட்டான். "நம்பரை அவ கையெழுத்து மாதிரியே எழுதிட்டீங்க. கோட்டையும் அப்படியே போட்டிருக்கலாமே."

"போட்டேன் தம்பி." கீழே வைத்த பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோணலாத்தான் போட்டேன். பார்க்கச் சகிக்கல. அழிச்சுட்டு நேரா போட்டேன். என் கையால அப்படி ஒரு முட்டையை வைக்க மனசு வரல."

கதவு திறந்தது. பெரிய டாக்டரைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். பாம்பின் கால் பாம்பறியும் என்பது சரிதான், ஆனால் அறிந்த பாம்புக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஊசி தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த ரெண்டு முட்டையும் எங்கண்ணே?" என்றார் பெரிய டாக்டர்.

"புதன்கிழமை மத்தியானமே உடைச்சு ப்ளீச்சிங் வாளியில ஊத்திட்டேன்மா. ஃபிரிட்ஜ்ல நல்ல முட்டையை வச்சேன், துளை போட்டு மெழுகு அடைச்சு. அவளை நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திட்டினாப் போதும்னு இருந்துச்சு."

"முப்பத்தொரு பேர் வெளிய போகப் போறாங்கண்ணே."

"மனுஷனுக்கு ஒட்டாதும்மா. பத்தொம்பது வருஷமா பறவை வைரஸ்ல கை வச்சிருக்கேன். ஒரு தும்மல் வந்ததில்ல. ஏதோ அந்த ஆளுக்குச் சாதாரணக் காய்ச்சல், இந்தப் பொண்ணு சின்னதை ஊதிப் பெருசாக்குதுன்னு நினைச்சேன்."

பெரிய டாக்டர் அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஸ்பீக்கரில் அதிகாரியின் குரல் கேட்டது. "முட்டையை மாத்தினது உங்க வீட்டுச் சண்டை. நான் கேட்கறது வைரஸ். விதிப்படி என் முன்னாடி திறந்த முட்டையில அது இருந்துச்சா? இல்லல்ல? சந்தேகத்துக்காக முப்பத்தொரு பேரை இன்னும் எத்தனை நாள் பூட்டி வைக்கறது? அஞ்சு மணிக்குத் திறக்கறேன்."

நாலேகால். கண்டுபிடித்தும் பிரயோஜனம் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊசி முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார். "தங்கம் எங்கடா? ஒரு போன்கூட வரல. எப்பவும் அப்படி இருக்க மாட்டாளே."

ஊசிக்குச் சுருக்கென்றது. போனை எடுத்தான். நாலு தவறிய அழைப்பு, ஒரு செய்தி. வாய்க்குள் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்து முட்டை அண்ணனைப் பார்த்தான். சின்ன டாக்டரைப் பார்த்தான். மறுபடி முட்டை அண்ணனைப் பார்த்தான்.

"மேடம், நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடி அவ கூப்பிட்டா. பேச விடாம வச்சுட்டேன். எல்லாரும் கேளுங்க." சத்தமாகப் படித்தான். "'காய்ச்சலும் இருமலும் அப்புறம்தான் வந்துச்சாம். ரெண்டு நாள் முன்னாடியே கண்ணு செவந்து தண்ணியா ஊத்துச்சாம். தூசின்னு நினைச்சு டாக்டர்கிட்ட சொல்லலையாம்.'"

யாருக்கும் உடனே புரியவில்லை. சின்ன டாக்டருக்குத்தான் முதலில் முகம் மாறியது.

"அழுதேன்னு சொன்னீங்களே அண்ணே" என்றான் ஊசி. "இதோ இவங்களும் காலையிலேர்ந்து அழறாங்க. ரெண்டு கண்ணும் செவந்திருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் ஒரு கண்ணு?"

முட்டை அண்ணனின் கை தானாக வலது கண்ணுக்குப் போனது. தொடாமல் பாதியில் நின்றது.

"முட்டையை எங்க வச்சு உடைச்சீங்க?" என்று சின்ன டாக்டர் கேட்டாள். அழுகை போய் அவள் குரல் இப்போது வேறாக இருந்தது.

"பின்னாடி, பாத்திரம் கழுவற தொட்டியில. கண்ணாடி ரூம்ல உடைச்சா எல்லாருக்கும் தெரியும்ல. போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில ஆவி படிஞ்சுது. நெத்தியில ஏத்தி விட்டுட்டேன். ஒரு சொட்டு தெறிச்சுது. உடனே தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். நேத்து சாயங்காலத்திலேர்ந்துதான் உறுத்தல்."

"அப்ப சாம்பிள் அழியல" என்றார் மேடம். "நம்ம முன்னாடி நிக்குது."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சின்ன டாக்டர் எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு, உடையும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தாள். ஊசி கதவின் சதுரக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சுக் குச்சியை எடுத்து, அவர் மோவாயை நிமிர்த்தி, கீழ் இமையை மெல்ல இழுத்தாள். எட்டு மாதமாக அவள் முகத்தை நேராகப் பார்க்காத மனுஷர் இப்போது கண்ணை மூடக் கூட முடியாமல் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாலே முக்காலுக்கு அதிகாரியிடம் பெரிய டாக்டர் மறுபடி பேசினார். அதிகாரி, "அந்த ஆளோட சளி ஏத்தின முட்டையை உடைச்சவருக்கு அதே மாதிரி கண்ணா? சரி. முடிவு வர்ற வரைக்கும் பூட்டு திறக்காது. முப்பத்தொரு பேரோட கண்ணையும் முதல்ல பார்க்கச் சொல்றேன்" என்றார்.

மேடம் பெருமூச்சு விட்டார். ஊசி ஒதுங்கிப் போய்ப் புதியவளுக்குப் போன் போட்டான். "தங்கச்சி, கதவு திறக்கல. உன்னாலதான். நீ சொல்ல வந்ததை வேணும்னேதான் நான் கேட்காம வச்சேன். அந்த ரிப்போர்ட்ல ஒரு பக்கம் காணாமப் போச்சே, அதுவும் நான்தான்."

"அது அன்னிக்கே தெரியும்ணா" என்றாள் அவள். "உங்க டிராயர்லதான் இருந்துச்சு."

இவள் கெட்டிக்காரிதான் என்று ஒத்துக்கொண்டபோதும் உள்ளே லேசாக எரிந்தது. ஒரே நாளில் அணைகிற தீயா அது.

திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னால் சின்ன டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கதவில் இருந்த ஒலிப்பெருக்கியில் இருவர் குரலும் கேட்டது.

"மருந்து இப்பவே ஆரம்பிச்சுடலாம். சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது. புதன்கிழமையிலேர்ந்து யார் யாரோட இருந்தீங்க? வீட்டுல யார் இருக்காங்க?"

"நானும் என் மகளும்தான்" என்றார் முட்டை அண்ணன். சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. "ஏழு மாசம். வயித்துல."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"நேத்து ராத்திரி அவதான் இந்தக் கண்ணுல சொட்டு மருந்து விட்டா" என்றார். "கைக்குட்டையைத் துவைச்சுப் போட்டா."

"போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

பென்சிலை அசையாமல் பிடிக்கிற அந்தக் கைக்கு எண்களை அழுத்த மூன்று தடவை ஆனது. இரண்டாவது ரிங்கிலேயே மகள் எடுத்துவிட்டாள். பின்னணியில் குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

"அம்மாடி." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை ஊசி கண்ணாடி வழியாகப் பார்த்தான். "உன் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அதான் நானே கூப்பிட்டுத் திட்டலாம்னு இருந்தேன். உங்க கண்வலி எனக்கும் ஒட்டிக்கிச்சுப்பா. மத்தியானத்திலேர்ந்து ஒரே உறுத்தல். வரும்போது அந்தச் சொட்டு மருந்து இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க."

ஒலிப்பெருக்கியில் தண்ணீர் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் ஊசியின் தோளை இறுகப் பிடித்தார், பிடித்தது யார் தோள் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. மேடம் ஏற்கெனவே அதிகாரியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. நீ எங்கயும் போகாத. கதவைச் சாத்திக்கிட்டு உட்காரு. யாரையும் உள்ள விடாத. ஒரு டாக்டர் வருவாங்க, அவங்க சொல்றபடி கேளு."

போனை வைத்தார். சின்ன டாக்டர் காகிதத்தை மடித்து, பஞ்சுக் குச்சிகளை எண்ணாமல் அள்ளிப் பைக்குள் போட்டாள். ஆம்புலன்ஸோடு மூத்த டாக்டர் ஒருவரை அனுப்ப ஏற்பாடு செய்வதாகப் பெரிய டாக்டர் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்.

"வேற யாரும் வேணாம்மா" என்றார் முட்டை அண்ணன். அவர் பார்த்தது பெரிய டாக்டரை இல்லை. எதிரில் நின்றவளைத்தான். "நீங்களே போங்க. உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டு விலாசம் கேட்டாள்.

முட்டைக்குக் கோடு போடுகிற அதே பென்சிலை எடுத்து அவர் எழுதிக் கொடுத்தார். எழுத்து எதுவும் நேராக வரவில்லை.